மாடி வீட்டில் யார் இருக்கிறார்கள்?

திருத்துறைப்பூண்டி
புரட்டாசி முதல் வாரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அங்கே நீ, மாப்பிள்ளை, உன் அத்தை, குட்டி எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, அப்புறம் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் இந்தப் பேச்சை எடுத்தாலே குக்கர் விசில் அடிக்கிறது, குட்டி போனைப் பிடுங்குகிறாள், நீயும் "சரிப்பா, பார்த்துக்கலாம்பா" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தில் இருந்தால் இரண்டு தடவை படிப்பாய். மாப்பிள்ளையும் படிப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் ஒன்று கேட்டேன். வேளச்சேரியில் நீங்கள் குடிபோயிருக்கும் வீடு தரைத்தளம் என்றாயே, உங்களுக்கு மேலே மாடி வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று. "தெரியலப்பா. யாரோ வயசான அம்மா. காலையில செடிக்குத் தண்ணி ஊத்துவாங்க, நம்ம துணி மேல சொட்டும்" என்றாய். நீங்கள் அங்கே போய் நான்கு மாதம் ஆகிறது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். கையில் ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள் நீ செய்ய வேண்டியவை சில உண்டு. பெரிதாகப் பணம் செலவாகாது. நாலு படி ஏறிப் போய்ப் பேசினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

நீ இருக்கும் இடத்தின் தண்ணீர்ப் போக்கை முதலில் தெரிந்துகொள். வேளச்சேரி ஏரியும் அக்கம்பக்கத்து ஏரிகளும் நிரம்பினால் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேரும். இதுதான் வழி. சதுப்பு நிலம் முன்பிருந்த பரப்பில் இப்போது கொஞ்சம்தான் மிச்சம். போகிற வழியும் குறுகல். கடலும் பொங்கி நின்றால் தண்ணீர் உள்ளே போகாது. அதனால் மழை விட்ட பிறகும் உங்கள் தெருவில் தண்ணீர் இரண்டு மூன்று நாள் நிற்கும். "மழை விட்டுடுச்சு, இனி பயமில்லை" என்று உங்கள் பக்கத்தில் சொல்லக் கூடாது.

2015 டிசம்பர் 1, 2 தேதிகள் உனக்கு நினைவிருக்கும். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அடையாறு கரை தாண்டியது. அப்போது பாதிப் பேருக்குக் கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை, ஏ.டி.எம்.மில் பணம் இல்லை. 2023-இல் மிக்ஜாம் வந்ததே, அது கரையைக் கடந்தது ஆந்திராவில் பாபட்லா பக்கம். சென்னையைத் தொடவே இல்லை. ஆனால் டிசம்பர் 3, 4 இரண்டு நாளும் சென்னைக்குப் பக்கத்துக் கடலில் மெதுவாக நகர்ந்துகொண்டே கொட்டித் தீர்த்தது. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் படகு விட்டுத்தான் ஆட்களை வெளியே கொண்டுவந்தார்கள். டிவியில் புயல் எங்கே கரையைக் கடக்கும் என்று காட்டும் அம்புக்குறியை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதே. எத்தனை சென்டிமீட்டர் மழை சொல்கிறார்கள் என்று பார். சிவப்பு எச்சரிக்கை என்றால் 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யலாம் என்று அர்த்தம். உங்கள் தெருவுக்கு அதில் பாதியே போதும். அதனால் ஆரஞ்சு வந்ததுமே நீங்கள் வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

இனி உனக்கு நான் இதுவரை முழுதாகச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

கஜா அடித்த இரவு. 2018 நவம்பர் 15. நீ திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தாய். நான் மின்வாரிய டூட்டியில் இருந்தேன். சாயங்காலமே அம்மாவிடம் "கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. காற்று முதலில் வடக்கிலிருந்து அடித்தது. கொல்லையில் தென்னைகள் ஒன்றன் பின் ஒன்றாக முறியும் சத்தம் துப்பாக்கி வெடிப்பது போலக் கேட்டதாம். அப்புறம் சட்டென்று அடங்கியது. "போயிடுச்சு" என்று எழுந்து வாசலுக்குப் போகப் பார்த்த உன் அப்பாயியை அம்மாதான் பிடித்து உட்கார வைத்திருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் தெற்கேயிருந்து திரும்ப அடித்தது. முதல் காற்றுக்குத் தப்பிய மரமெல்லாம் இரண்டாவது காற்றில் விழுந்தது. புயலின் கண் கடக்கும்போது அப்படித்தான் ஓயும். அந்த ஓய்வை நம்பி வெளியே போனவர்கள் மேல்தான் கூரை ஓடும் மரமும் விழும்.

அந்த இரண்டாவது காற்றில்தான் அப்பாயிக்கு இளைப்பு வந்தது. மூச்சுக்கு வைக்கும் மெஷின் வீட்டிலேயே இருந்தது, நான்தான் வாங்கி வைத்திருந்தேன். கரண்ட் இல்லாமல் அது என்ன செய்யும்? போனில் டவர் இல்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட முடிந்திருந்தாலும் வந்திருக்க முடியாது, ரோடு முழுக்க மரம். அம்மா என்ன செய்தாள் தெரியுமா? விடியற்காலையில் காற்று கொஞ்சம் தணிந்ததும் பக்கத்து வீட்டுப் பின்கதவைத் தட்டினாள். அந்த வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் அப்பாயியைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டார்கள். விழுந்த மரங்களுக்கு மேலேயும் கீழேயுமாகப் புகுந்து வடக்குத் தெருவில் இருக்கும் கிராம செவிலியர் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அந்த அம்மா கையில் இன்ஹேலர் இருந்தது. அதை வைத்து ஓரளவு நிலைப்படுத்தினார். அதற்குள் நம் தெருவில் தென்னை ஏறும் இரண்டு பேர் அரிவாளும் ரம்பமுமாக மெயின்ரோடு வரை மரம் அறுத்து வழி செய்துவிட்டார்கள். பத்து மணிக்குப் பால் வண்டி ஒன்றில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

நான் வீட்டுக்கு வந்து சேர்ந்தது மூன்றாம் நாள் சாயங்காலம். அதுவரை எனக்கு இது எதுவும் தெரியாது. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கப் போன நான், என்னைப் பெற்றவள் மூச்சுக்குத் திணறியபோது பக்கத்தில் இல்லை. அதை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை பாப்பா. ஆனால் அன்றைக்கு வந்தவர்கள் யார் யார் என்று யோசித்துப் பார்த்தால் ஒன்று புரிந்தது. செவிலியரம்மா வீட்டுக்கு உன் அம்மா வாரம் தவறாமல் முருங்கைக்காய் கொடுத்தனுப்புவாள். மரம் ஏறுபவர்களின் பிள்ளைக்குப் பள்ளிக்கூட ஃபாரம் பூர்த்தி செய்து கொடுத்தவளும் அவள்தான். பக்கத்து வீட்டில் சாவு விழுந்தபோது மூன்று நாள் சமைத்துப் போட்டாள். எல்லாரும் அவளுக்கு முன்பே தெரிந்தவர்கள். எந்த வீட்டில் மருந்து இருக்கும், எந்த வீட்டில் ரம்பம் இருக்கும் என்று இருட்டிலும் அவளுக்குத் தெரிந்திருந்தது. புயலன்றைக்குப் புதிதாக யாரையும் அவள் தேடவில்லை.

அதனால்தான் மாடி வீட்டைப் பற்றிக் கேட்டேன்.

சென்னையில் தரைத்தள வீட்டுக்குள் வெள்ளம் எப்படி வரும் தெரியுமா? வாசல்படி தாண்டி வரும் என்று எல்லாரும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு முன்பே பாதாளச் சாக்கடை நிரம்பி, கழிவறை வழியாகவும் குளியலறை ஓட்டை வழியாகவும் உள்ளே பொங்கும். மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பை இரண்டு மூன்றைத் தயாராக வை. தெருவில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் கழிவறைக் குழிக்குள் ஒன்றை வைத்து அழுத்து, குளியலறை ஓட்டை மேல் ஒன்றை வை. சரி, அதை அடைத்துவிட்டால் வீட்டில் இருக்கும் மூன்று பெண்களும் எங்கே போவீர்கள்? இரண்டு நாள் எப்படி இருப்பீர்கள்? உன் அத்தை முட்டிவலியோடு எங்கே போவார்? மாடி வீட்டுக் கதவு திறந்தால்தான் உண்டு. அந்தக் கதவை முதல்முதலாக வெள்ளத்தன்றைக்குத் தட்டாதே.

நாளைக்கே போ. கையில் ஏதாவது பலகாரம் எடுத்துக்கொண்டு, குட்டியையும் கூட்டிக்கொண்டு போ. துணியில் தண்ணீர் சொட்டுகிற கதையை எடுக்காதே. அவர்கள் தனியாக இருக்கிறார்களா, பிள்ளைகள் எங்கே, என்ன மருந்து சாப்பிடுகிறார்கள், இதையெல்லாம் விசாரி. அவர்களுக்கும் உங்கள் தேவை இருக்கும் என்பதை மறக்காதே. கரண்ட் போனால் மோட்டார் ஓடாது. மாடியில் இருப்பவருக்குத் தண்ணீர் வராது. வயதானவர் குடம் தூக்கிக்கொண்டு படி ஏற முடியுமா? மாப்பிள்ளை இரண்டு கேன் தண்ணீரைத் தூக்கிக் கொடுத்தால் போதும். நீங்கள் அவர்களுக்குக் கீழ்வீடு, அவர்கள் உங்களுக்கு மேல்வீடு. மழை நாளில் இரண்டும் ஒரே வீடுதான். முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிவிடு: "பெரிய மழை வந்தால் அத்தையையும் குழந்தையையும் இங்கே ஏற்றிவிடலாமா அம்மா?" என்று. மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். அப்படிச் சொன்னாலும் இப்போதே தெரிந்துவிடும், வேறு இடம் பார்க்கலாம்.

மழை அறிவிப்பு வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் காரை வரிசையாக நிறுத்திவைக்கிறார்கள், படத்தில் பார்த்தேன். மாப்பிள்ளையும் தாராளமாக நிறுத்தட்டும். ஆனால் காரைப் பாலத்தில் ஏற்றுவதற்கு முன்னால் அத்தையை மாடியில் ஏற்றிவிட வேண்டும். ஒருவேளை கார் தண்ணீரில் மாட்டிக்கொண்டால் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அந்த ஒரு ஸ்டார்ட்டிலேயே எஞ்சின் போய்விடும், இன்சூரன்ஸிலும் தகராறு செய்வார்கள்.

கரண்ட் விஷயத்தில் மட்டும் நான் சொல்வதை அப்படியே கேள். 31 வருஷம் கம்பத்தில் ஏறி இறங்கியவன் சொல்கிறேன். உங்கள் வீட்டு ப்ளக் பாயின்ட்கள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று அளந்து பார். சில வீடுகளில் ஒரு அடிகூட இருக்காது. தண்ணீர் வாசல்படியைத் தொட்டதுமே, உள்ளே வருவதற்கு முன்பே, மெயினை ஆஃப் செய். உள்ளே வந்த பிறகு தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடாதே. மீட்டர் பெட்டி மாடிப்படிக்குக் கீழே இருந்து, அங்கே ஏற்கெனவே தண்ணீர் ஏறியிருந்தால் அந்தப் பக்கமே போகாதே, 94987 94987 மின்னகம் எண்ணில் சொல். மெயினை ஆஃப் செய்தாலும் இன்வெர்ட்டர் வேலை செய்துகொண்டுதான் இருக்கும், எல்லாரும் மறப்பது இதைத்தான். அதைத் தனியாக ஆஃப் செய்ய வேண்டும். பேட்டரியைத் தரையில் வைத்திருந்தால் இப்போதே ஒரு உயரமான ஸ்டாண்டில் ஏற்றச் சொல்.

உங்கள் வீட்டு மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று பார். நம் ஊரில் இ.எல்.சி.பி. என்பார்களே, அதே வேலை செய்வதுதான். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் கரண்டைத் துண்டித்துவிடும். அதில் 'டி' என்று ஒரு சின்னப் பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அமுக்கு. டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அது வெறும் அலங்காரம், மாற்றிவிடு. இல்லவே இல்லை என்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுப் போடச் சொல். அவர் இழுத்தடித்தால் என்னிடம் சொல், நான் காசு அனுப்புகிறேன். இதில் கணக்குப் பார்க்க வேண்டாம்.

தெருவில் இறங்க நேர்ந்தால் ரோட்டோரம் நிற்கும் மின்வாரியப் பெட்டிகளை விட்டு விலகி நட. சென்னையில் நிறைய இடத்தில் கேபிள் பூமிக்கடியில் வருகிறது, பெட்டி தண்ணீரில் மூழ்கினால் சுற்றியுள்ள தண்ணீரிலும் கரண்ட் இருக்கலாம். அதனால்தான் தண்ணீர் ஏறியதும் சப்ளையை நிறுத்துகிறார்கள். அந்த நேரத்தில் "இன்னும் கரண்ட் விடவில்லையே" என்று யாரையும் திட்டாதே. இருட்டில் உட்கார்ந்திருப்பது கஷ்டம்தான், ஆனால் அந்த இருட்டு உங்களைக் காப்பதற்காக.

இன்னொன்றும் மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல். உங்கள் கட்டிடத்துக்கு ஜெனரேட்டர் இருக்கிறதா? இருந்தால் சேஞ்ச் ஓவர் சுவிட்ச், அதாவது மின்வாரியக் கரண்டும் ஜெனரேட்டர் கரண்டும் கலக்காமல் மாற்றிவிடும் சுவிட்ச், போட்டிருக்கிறதா? கஜா முடிந்து ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, ஒரு தெருவில் கம்பம் நட்டுக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தோம். ஒரு லட்சத்துக்கும் மேல் கம்பங்கள் விழுந்த நேரம், பல மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும்கூட ஆட்கள் வந்து வேலை செய்தார்கள். எங்களோடு வெளி மாவட்டத்துப் பையன் ஒருவன். அவனுக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. லைன் செத்துக்கிடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் வழக்கப்படி, கம்பியில் கரண்ட் இருந்தால் தரைக்கு இறக்கிவிடும் எர்த் ராடைக் கம்பியில் மாட்டினோம். பளீரென்று பொறி பறந்தது. ஏதோ ஒரு வீட்டில் ஜெனரேட்டரை மெயினை ஆஃப் செய்யாமல் நேராக ப்ளக்கில் கொடுத்திருக்கிறார்கள், அது கம்பிக்கு ரிட்டர்ன் வந்துவிட்டது. ராடு மாட்டாமல் அவன் கையை வைத்திருந்தால்? கம்பத்தடியில் உட்கார்ந்து பத்து நிமிஷம் ஒருவரும் பேசவில்லை. அந்த வீட்டுக்காரர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உங்கள் கட்டிடத்தில் நீங்கள் சொல்லுங்கள்.

நல்ல எலக்ட்ரீஷியன் யார், ப்ளம்பர் யார் என்று இப்போதே கண்டுபிடித்து வை. வெள்ளம் வடிந்த மறுநாள் தெருவெல்லாம் ஆள் வருவார்கள், கேட்ட காசைக் கொடுக்க வேண்டியிருக்கும், வேலை தெரியுமா தெரியாதா என்று பார்க்கக் கூட நேரம் இருக்காது. இந்த மாதமே ஒரு சின்ன வேலைக்குக் கூப்பிடு. ஒரு ஃபேன் ரெகுலேட்டர் மாற்றுவதற்குக் கூப்பிட்டால்கூடப் போதும். பக்கத்தில் நின்று பார். வேலை தொடங்கும் முன் மெயினை ஆஃப் செய்கிறாரா? ஆஃப் செய்த பிறகும் டெஸ்டரை வைத்துப் பார்க்கிறாரா? ஒயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றுகிறாரா, ஒழுங்காகக் கனெக்டர் போடுகிறாரா? சொன்ன நேரத்துக்கு வந்தாரா? சொன்ன காசை வாங்கினாரா? இவ்வளவும் சரியாக இருந்தால் அவர்தான் உங்கள் ஆள். பேசிய காசுக்கு மேல் ஐம்பது ரூபாய் டீச்செலவுக்குக் கொடு, தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடு. வீடு எங்கே என்று கேட்டு வை. மழை வடிந்து வீட்டுக்குள் மறுபடி கரண்ட் கொடுப்பதற்கு முன் அவர் வந்து பார்த்துத்தான் ஆன் செய்ய வேண்டும். ஈரச் சுவரை நம்பாதே.

எண்களை எழுதி அடுக்களைக் கதவின் உள்பக்கம் ஒட்டு. போனில் மட்டும் வைத்திருந்தால் சார்ஜ் போனதும் எல்லாம் போச்சு. எதற்கும் 112. ஆம்புலன்ஸ் 108. தீயணைப்பு 101, வெள்ளத்தில் மாட்டியவர்களை மீட்பதும் வீட்டுக்குள் வந்த பாம்பைப் பிடிப்பதும் அவர்கள்தான். மாநகராட்சி 1913. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077. கேஸ் கசிந்தால் 1906. கேஸ் வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடிவிட்டு ஜன்னல்களைத் திறந்துவிடு. அந்த வாயு காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும், அதனால் கதவையும் திறந்துவிட வேண்டும்.

உதவிக்குக் கூப்பிடும்போது பதறி அழுதுகொண்டே பேசினால் அந்தப் பக்கம் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. முதலில் இடத்தைச் சொல். தெருப் பெயர் மட்டும் போதாது, பக்கத்தில் இருக்கும் கோயிலோ பள்ளிக்கூடமோ சொல். எத்தனை பேர், அதில் நடக்க முடியாதவர் யார், குழந்தை உண்டா, தண்ணீர் முழங்கால் அளவா இடுப்பளவா, நீங்கள் எந்த மாடியில் இருக்கிறீர்கள். இவ்வளவுதான். இதையும் அந்தக் காகிதத்திலேயே எழுதி வை, பார்த்துப் படித்துவிடலாம்.

வாட்ஸ்அப்பில் வரும் எண்களை அப்படியே நம்பாதே. 2015-இல் ஏரி உடைந்துவிட்டது என்றும், முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றும் கிளப்பிவிட்டார்கள். இரண்டும் பொய். அதைக் கேட்டு இருட்டில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. வானிலைக்கு நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மையம் சொல்வதைப் பார். அரசின் டி.என். அலெர்ட் செயலியைப் போனில் ஏற்றிக்கொள். "இன்றிரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழையுங்கள்" என்று செய்தி வந்தால் அது திருட்டு. மின்வாரியம் யாரிடமும் ஓ.டி.பி. கேட்காது. உன் அத்தையிடம் இதைத் தனியாக உட்கார்ந்து சொல், பெரியவர்களைத்தான் குறிவைக்கிறார்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

அத்தைக்கு இன்சுலின் இருக்கிறதே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. ஃபிரிட்ஜ் இரண்டு நாள் ஓடாவிட்டால் என்ன செய்வாய்? ஐஸ் கட்டிமேல் வைத்துவிடாதே, உறைந்துபோன இன்சுலின் உதவாது. நம் ஊரில் செவிலியரம்மா ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். ஒரு பெரிய மண்பானைக்குள் ஒரு சின்னப் பானையை வைத்து, இடையில் மணல் கொட்டி நனைத்துவிட வேண்டும். மருந்தைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி உள்பானையில் வைத்து, ஈரத்துணியால் மூடி நிழலில் வைத்தால் குளுமையாக இருக்கும். எத்தனை நாள் அப்படி வைக்கலாம், சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்காவிட்டால் அளவை எப்படி மாற்றுவது, இரண்டையும் அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது கேட்டு எழுதி வாங்கிவிடு. இரண்டு வாரத்துக்கான மருந்தும் ஊசியும் எப்போதும் கூடுதலாக இருக்கட்டும். கூடவே குளுக்கோஸ் பாக்கெட், சர்க்கரை இறங்கினால் வேண்டும்.

மற்றதெல்லாம் உனக்கே தெரியும். ஆதார், வாடகைப் பத்திரம், அத்தையின் மருந்துச் சீட்டு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில், ஒரே பையில். பத்து ரூபாய், ஐம்பது ரூபாயாகக் கொஞ்சம் பணம். டார்ச், பவர் பேங்க், குடிக்கத் தண்ணீர் கேன் ஒன்று கூடுதலாக, அவல், பொரி, பிஸ்கட். சம்ப் மூடி இறுக்கமாக மூடுகிறதா என்று பார். வெள்ளத் தண்ணீர் அதில் கலந்துவிட்டால், சுத்தம் செய்து பிளீச்சிங் பவுடர் போடும்வரை அந்தத் தண்ணீரில் வாய்கூடக் கொப்புளிக்கக் கூடாது. தண்ணீரில் நடந்துவிட்டு வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுவிட்டு இருக்காதே. எலிக்காய்ச்சலாக இருக்கலாம். தண்ணீரில் நடந்ததை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

போன் கிடைக்காவிட்டால் எல்லாரும் கோயம்புத்தூரில் இருக்கும் உன் தங்கைக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடுங்கள். என்னைக் கூப்பிடாதே. உங்களுக்கு வரும் புயல் எங்களுக்கும் வரும், இரண்டு பக்கமும் டவர் போய்விட்டால் யார் யாரைத் தேடுவது? கோயம்புத்தூர் மலைப்பக்கம், கடற்கரைப் புயல் அங்கே அவ்வளவு போவதில்லை. அவள் எண்ணைக் குட்டிக்கு மனப்பாடம் செய்து வை. போன மாதம் இங்கே வந்தபோது உன் அம்மா குட்டியை ஊஞ்சலில் உட்கார வைத்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு எண்ணாகச் சொல்லிக்கொடுத்தாள். மூன்றாம் நாள் பத்து எண்ணும் சொல்லிவிட்டாள். ஊஞ்சல் நின்றால் மறந்துவிடுகிறாள், அவ்வளவுதான். நீ தினமும் சாதம் ஊட்டும்போது ஒருதடவை கேள்.

இதோடு பஸ் பார்சலில் ஒரு பை அனுப்புகிறேன். நம் கொல்லையில் கஜாவுக்கு அப்புறம் வைத்த கன்றில் இந்த வருஷம்தான் முதல் காய், அதில் பத்துத் தேங்காய். மண்பானை இரண்டு, வைக்கோல் சுற்றிக் கட்டியிருக்கிறது, மெதுவாகப் பிரி. விசில் நான்கு, ஆளுக்கு ஒன்று. குரல் போகாத தூரத்துக்கும் விசில் கேட்கும். என்னுடைய பழைய டெஸ்டரையும் வைத்திருக்கிறேன். பிடியில் சுற்றிய டேப் பழசாகிவிட்டது, வேலை நன்றாகச் செய்கிறது. அதை மாப்பிள்ளையிடம் கொடு.

தேங்காயில் நான்கை மாடி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அந்த அம்மாவின் பெயர் என்ன என்று எனக்குச் சொல்.

இப்படிக்கு,
அப்பா